கோலுக்குக் கைதட்டினோம், கணக்கைக் கேட்டோமா?

கண்டி மாநகரில் சனிக்கிழமை மாலைக்கு ஒரு தனிக் களை உண்டு. வாவிக் கரையில் உலாவ வந்த குடும்பங்கள் ஒருபுறம். கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்குப் போய் வருவோர் ஒருபுறம். மாத்தளைக்கும் கம்பளைக்கும் பஸ் தேடி ஓடுவோர் ஒருபுறம். போகம்பரை மைதானத்தில் பந்துதைத்துவிட்டு, சேறு படிந்த கால்களுடன் தேநீர்க் கடைக்குள் நுழையும் இளைஞர் கூட்டம் இன்னொரு புறம்.

2025 ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். தீபாவளி கழிந்த அதே வாரத்துச் சனிக்கிழமை. ஹந்தானை மலையை மூடிக்கொண்டு மழை இறங்கவே, நாமும் ஒரு தேநீர்க் கடையில் ஒதுங்கினோம். உள்ளே பெரும் வாக்குவாதம். தேர்தல் விவகாரமோ என்று செவிமடுத்தால், அது ஐயாயிரம் மைலுக்கு அப்பாலுள்ள விவகாரம்! இங்கிலாந்தின் உதைபந்தாட்டக் கழகங்களைப் பற்றியே அந்த இளைஞர்கள் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

ஒருவர் நீலமும் வெள்ளையும் கோடிட்ட ஜேர்சி அணிந்திருந்தார். அது ஷெஃபீல்ட் வெட்னஸ்டே கழகத்தின் உடை. 1867 இல் தோன்றிய பழம்பெருங் கழகம் அது. அந்த ஆண்டில் ஆட்டக்காரருக்குச் சம்பளம் பலமுறை தாமதமாயிற்று. முதல்நாள் வெள்ளிக்கிழமைதான் அக்கழகம் கடன்சுமை தாளாது வெளியாரின் பொறுப்பில் விடப்பட்டு, தண்டனையாக 12 புள்ளிகளை இழந்தது. அதன் கையில் இருந்ததோ வெறும் 6 புள்ளிகள். ஆகவே அட்டவணையில் பூச்சியத்துக்கும் கீழே 6 புள்ளிகள் குறைவாக நின்றது.

எதிரே அமர்ந்திருந்தவர் அணிந்திருந்தது லீட்ஸ் யுனைட்டெட் கழகத்தின் வெள்ளை ஜேர்சி. ஷெஃபீல்டும் லீட்ஸும் யோர்க்‌ஷயர் என்னும் ஒரே மாகாணத்து நகரங்கள். அயலூர்ப் பகையைக் கேட்கவும் வேண்டுமா? லீட்ஸ் அபிமானி சிரித்துச் சிரித்துப் பரிகசித்தார்.

மூலையில் பிளேன்ரீ அருந்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், மெல்லத் தலை நிமிர்ந்தார்.

"தம்பி, உங்கள் கழகத்துக்கு நடந்தது மறந்து போயிற்றோ?"

"அது நான் பிறந்த காலத்துக் கதை, மாஸ்டர்."

"பிறந்த காலத்துக் கதையானாலும் படித்து வைத்திருக்க வேண்டும். அடுத்த வீட்டில் தீப்பிடித்தால் எங்கள் கூரையையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டாமோ?"

கடை முழுவதும் சிரிப்பொலி. ஆனால் அந்தக் கேள்வி எம் மனத்தை விட்டு அகலவில்லை. ஒரு கழகம் வீழும்போது பிழை யாருடையது? முதலாளியினுடையதா, பயிற்சியாளரினுடையதா, ஆட்டக்காரரினுடையதா? அல்லது அரங்கில் அமர்ந்து கைதட்டிய எம் போன்றவர்களுக்கும் அதில் ஒரு பங்கு உண்டா? இதை வாசகர்களுடன் சற்று ஆராய்ந்து பார்க்க விரும்புகிறோம்.

தரமிறக்கம் என்றால் என்ன?

உதைபந்தாட்டத்தில் நாட்டமில்லாத தாய்மார்களும் இக்கட்டுரையைப் படிக்கக்கூடும். அவர்களுக்காக ஒரு சிறு விளக்கம்.

இங்கிலாந்தின் தொழில்முறைக் கழகங்கள் நான்கு படிகளில் அடுக்கப்பட்டிருக்கின்றன. உச்சிப் படியாகிய பிரீமியர் லீக்கில் 20 கழகங்கள். அதற்குக் கீழுள்ள மூன்று படிகளிலும் படிக்கு 24 கழகங்கள். பருவ முடிவில் உச்சிப் படியின் கடைசி மூன்று கழகங்களும் கீழே இறங்கவேண்டும். கீழ்ப்படியிலிருந்து மூன்று கழகங்கள் மேலேறும். இந்த இறக்கமே தரமிறக்கம் எனப்படுவது.

பள்ளியில் ஒரு பிள்ளை வகுப்பேறத் தவறினால் அதே வகுப்பில் மீண்டும் இருந்து படிக்கலாம். இங்கேயோ கீழ் வகுப்புக்கே அனுப்பிவிடுகிறார்கள்! அத்தோடு வருமானமும் விழுந்துவிடுகிறது. கழகத்துக்குப் பணம் வரும் வாய்க்கால்கள் முக்கியமாக மூன்று: அரங்கின் நுழைவுச்சீட்டு, தொலைக்காட்சி உரிமை, விளம்பரமும் வியாபாரமும். இவற்றுள் தொலைக்காட்சிப் பணமே உச்சிப் படிக் கழகங்களில் பலவற்றுக்குப் பெரும்பங்கு. ஒரு படி இறங்கினால் அந்த வாய்க்கால் சட்டென்று சுருங்குகிறது. விழும் கழகங்களுக்குச் சில ஆண்டுகள் உதவித்தொகை கிடைப்பது உண்மையே. ஆயினும் ஆட்டக்காரரோடு எழுதிய சம்பள ஒப்பந்தங்கள் வருமானத்தைப்போல் தாமாகச் சுருங்கிவிடுவதில்லை. சம்பளம் உச்சிப் படியில் நிற்க, வரவு மட்டும் கீழ்ப்படியில் நின்றால் வீடு எப்படி நடக்கும்?

இந்த ஆபத்தை அறிந்தும் கழகங்கள் சூதாடுகின்றன. இரண்டாம் படியில் பல பருவங்களில் கழகங்களின் மொத்தச் சம்பளச் செலவு அவற்றின் மொத்த வருமானத்தையே மிஞ்சியிருக்கிறது. நூறு ரூபா உழைப்பவன் நூற்றுப் பத்து ரூபாவை வேலையாட்களின் கூலிக்கே கொடுப்பதற்கு ஒப்பானது இது. மேலே ஏறிவிட்டால் எல்லாக் கடனையும் அடைத்துவிடலாம் என்பது அவர்களின் கணக்கு. மேலே ஏறும் இடமோ மூன்று. ஏற எண்ணுவோரோ இருபதுக்கும் மேல்!

விதைநெல்லைத் தின்ற வீடு

இனி மாஸ்டர் நினைவூட்டிய லீட்ஸ் கதைக்கு வருவோம்.

1992 இல் இங்கிலாந்தின் சம்பியனாக விளங்கிய கழகம் அது. 2000 ஆம் ஆண்டளவில் இளம் வீரர்கள் நிறைந்த அதன் அணி ஐரோப்பாவையே கலக்கியது. 2000 நவம்பரில் ரியோ பேர்டினன்ட் என்னும் தடுப்பாட்டக்காரரை 1 கோடி 80 இலட்சம் பவுண் கொடுத்து வாங்கினார்கள். அக்காலத்தில் அது பிரித்தானியாவிலேயே உச்ச விலை. 2001 இல் ஐரோப்பிய சம்பியன் கழகங்களுக்கான போட்டியில் அரையிறுதிவரை முன்னேறினார்கள். அரங்கம் அதிர்ந்தது. அபிமானிகள் ஆனந்தக் கூத்தாடினார்கள். பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டவர் வெகு சிலரே.

பணம் வருங்காலத்திலிருந்து வந்தது! இனிமேல் விற்கப்போகும் நுழைவுச்சீட்டுகளின் வருமானத்தை ஈடு வைத்து 6 கோடி பவுண் கடன் வாங்கியிருந்தார்கள். ஆண்டுதோறும் அந்த ஐரோப்பியப் போட்டியில் இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு அது. 2001 இல் லீக் அட்டவணையில் நான்காம் இடம். 2002 இல் ஐந்தாம் இடம். கேட்பதற்கு நல்ல இடங்கள்தாம். ஆனால் அந்தப் போட்டிக்குள் நுழைய அவை போதவில்லை. ஓரிடம் தவறியதால் கட்டிய கோட்டையெல்லாம் சரியத் தொடங்கிற்று.

2002 இல் பேர்டினன்டை ஏறத்தாழ 3 கோடி பவுணுக்கு விற்றார்கள். பிறகு ஒருவர்பின் ஒருவராக நல்ல ஆட்டக்காரர் யாவரும் விலைப்பட்டனர். கணக்குப் புத்தகங்களைப் புரட்டியபோது, தலைவரின் அறையில் நீந்திய தங்கமீன்களுக்கும் மாதவாடகை கொடுக்கப்பட்ட செய்தி வெளிவந்தது. அந்த வாடகை சொற்பத் தொகையே. கழகத்தைக் கவிழ்த்தது அதுவன்று. ஆயினும் கோடிக் கடன்கள் மறந்துபோன பின்னரும் ஊரார் அந்தத் தங்கமீனை மறக்கவில்லை. வீண்செலவின் அடையாளமாக அது நிலைத்துவிட்டது.

2004 இல் தரமிறக்கம். அதே ஆண்டில் தம் சொந்த மைதானமாகிய எலண்ட் ரோட்டையும் விற்று, விற்ற இடத்திலேயே வாடகைக்கு இருந்தார்கள். 2007 இல் வங்குரோத்தின் விளிம்பில் 10 புள்ளிகள் பறிபோக, கழக வரலாற்றிலேயே முதன்முறையாக மூன்றாம் படிக்கு இறங்கினார்கள். அங்கே அடுத்த பருவத்தைத் தொடங்கும்போது மேலும் 15 புள்ளிகள் குறைவு. மீண்டும் உச்சிப் படியை எட்டியது 2020 இல். வீழ்ந்தது முதல் மீண்டும் ஏறும்வரை 16 ஆண்டுகள்! ஒரு பிள்ளை பிறந்து சாதாரணதரப் பரீட்சை எழுதும் காலம் அது. பஞ்சத்தில் விதைநெல்லைத் தின்றால் அதற்கொரு நியாயம் சொல்லலாம். விருந்து வைத்து விதைநெல்லைத் தின்ற வீட்டுக்கு யார் என்ன சொல்வது?

சின்னக் கடன்காரரின் கண்ணீர்

ஒரு கழகம் நொடிக்கும்போது நட்டம் அடைவோர் யார் என்பதையும் நோக்கவேண்டும். இதற்குத் தென் இங்கிலாந்தின் துறைமுக நகரமாகிய போர்ட்ஸ்மத் நல்ல சான்று.

2008 இல் இக்கழகம் இங்கிலாந்தின் புகழ்பெற்ற எப்.ஏ. கிண்ணத்தை வென்றது. ஈராண்டுகூடக் கழியவில்லை; 2010 பெப்ரவரியில், பிரீமியர் லீக்கில் இருக்கும்போதே நொடித்துப்போன முதற் கழகம் என்ற பெயரையும் பெற்றது. அந்த ஒரு பருவத்தில் மட்டும் கழகம் நான்கு உரிமையாளரின் கைமாறிற்று. கடன் பத்துக் கோடி பவுணுக்கும் மேல்.

கடன்கொடுத்தோர் பட்டியலில் வங்கிகளும் பெரும் கழகங்களும் மட்டும் இருக்கவில்லை. ஆட்டத்தின்போது மயங்கி விழுவோருக்கு முதலுதவி செய்யும் சென் ஜோன் அம்புலன்ஸ் தொண்டர்களுக்கும் 2,702 பவுண் பாக்கி இருந்தது. உதைபந்தாட்ட உலகின் விதி யாதெனில், வேறு கழகங்களுக்கும் ஆட்டக்காரருக்கும் உள்ள கடனை முழுமையாகத் தீர்க்கவேண்டும். ஏனையோர் கிடைத்த விகிதத்தைப் பெற்றுக்கொள்ளவேண்டும். கோடீஸ்வர ஆட்டக்காரனுக்கு முழுச் சம்பளம். காயத்துக்குக் கட்டுப்போட்ட தொண்டனுக்குச் சில்லறை! இந்த அநீதியைக் கேட்டுப் பொருமாதவர் யார்?

2010, 2012, 2013 ஆகிய ஆண்டுகளில் மும்முறை தரமிறங்கி, அக்கழகம் நான்காம் படியின் வாசலில் நின்றது. அப்போதுதான் அபிமானிகள் ஒரு காரியம் செய்தார்கள். சந்திக்குச் சந்தி நின்று முதலாளிமாரை ஏசிக்கொண்டிருந்தவர்கள் ஒன்றுகூடி ஒரு நம்பிக்கை நிதியம் அமைத்தார்கள். பங்கொன்றின் விலை 1,000 பவுண். ஆயிரம் பவுண் என்பது அங்கும் தொழிலாளிக்குச் சிறு தொகையன்று. சிலர் தனித்தும், சிலர் நண்பரோடு கூட்டுச் சேர்ந்தும் பங்கு வாங்கினர். ஈராயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்வந்தனர். 2013 ஏப்ரலில் கழகம் அவர்கள் வசமாயிற்று.

அவர்கள் பெயர்பெற்ற ஆட்டக்காரர் எவரையும் விலைக்கு வாங்கவில்லை. வரவுக்குள் செலவு செய்தார்கள். பழைய கடனைத் தவணை தவணையாக அடைத்தார்கள். 2014 இல் கழகம் பழங்கடனிலிருந்து விடுபட்டது. 2017 இல் நான்காம் படியின் சம்பியனாகி மேலேறிற்று. அதே ஆண்டில், மேலும் வளர மூலதனம் வேண்டும் என்று கருதிப் பெரும்பான்மை வாக்கினால் ஓர் அமெரிக்க முதலீட்டாளருக்குக் கழகத்தை விற்றார்கள். விற்றது சரியா என்று அங்கே வாதம் நடந்தது. ஆனால் விற்பதா வேண்டாமா என்று அபிமானிகளைக் கேட்டு முடிவு செய்தார்களே, அதுவல்லவோ பெரிது! 2024 இல் போர்ட்ஸ்மத் மூன்றாம் படியையும் வென்று இரண்டாம் படிக்கு மீண்டது.

துடைப்பத்தோடு வந்த மக்கள்

எல்லாக் கதைக்கும் இத்தகைய முடிவு வாய்ப்பதில்லை. மான்செஸ்டருக்கு அருகே பரி என்றொரு சிற்றூர்க் கழகம் இருந்தது. 1885 இல் தோன்றியது. 1900 இலும் 1903 இலும் எப்.ஏ. கிண்ணத்தை வென்றது, 1903 இறுதியாட்டத்தில் எதிரணியை ஆறுக்குப் பூச்சியம் என்று முறியடித்தது. 2018 டிசம்பரில் அந்தக் கழகம் ஒரேயொரு பவுணுக்குக் கைமாறிற்று. ஒரு பவுணுக்கு ஒரு கழகம் கிடைக்கிறதென்றால் அதன் கடன் எவ்வளவு என்று ஊகித்துக்கொள்ளலாம்.

இதில் விந்தை என்னவெனில், 2019 இளவேனிலில் அந்த அணி ஆட்டத்தில் வென்று நான்காம் படியிலிருந்து மூன்றாம் படிக்கு ஏறியது. சம்பளம் ஒழுங்காகக் கிடைக்காத நிலையிலும் ஆட்டக்காரர்கள் தம் கடமையைச் செய்தார்கள். மைதானத்தில் ஏற்றம், கணக்கேட்டில் வீழ்ச்சி! கழகத்தை நடத்தப் போதிய பணம் இருப்பதற்குச் சான்று காட்டும்படி லீக் நிர்வாகம் கேட்டது. சான்று வரவில்லை. ஆட்டங்கள் ஒவ்வொன்றாக இரத்தாயின.

2019 ஆகஸ்ட் 27 ஆம் திகதி கடைசித் தவணை. அன்று காலை, எப்படியும் கழகம் பிழைத்துவிடும் என்ற ஆசையில் நூற்றுக்கணக்கான மக்கள் கிக் லேன் மைதானத்துக்குத் துடைப்பமும் வாளியுமாக வந்தார்கள். அடுத்த ஆட்டத்துக்கு அரங்கம் துப்புரவாக இருக்கவேண்டும் என்று ஆசனங்களைத் துடைத்தார்கள். அன்றிரவே செய்தி வந்தது: கழகத்தை வாங்கவிருந்தோர் பின்வாங்கினர்; 125 ஆண்டுகள் அங்கம் வகித்த லீக்கிலிருந்து பரி நீக்கப்பட்டது.

பெருக்கித் துடைத்த அந்த ஆசனங்களை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. கல்யாணத்துக்கு வாசலில் கோலமிட்ட வீட்டில் அன்றிரவே துக்கம் விழுந்தாற் போன்றதன்றோ? பின்னர் 2022 இல் அபிமானிகள் மைதானத்தை மீட்டார்கள். 2023 இல் பழைய பெயரில் மீண்டும் ஆடத் தொடங்கினார்கள். ஆனால் அடிப்படிகளிலிருந்து ஒவ்வொன்றாக ஏறிவர வேண்டிய நிலை.

உரிமை இருந்தால் மட்டும் போதுமா?

அப்படியானால் கழகங்கள் யாவும் அபிமானிகள் கையிலேயே இருந்துவிட்டால் தொல்லை தீர்ந்ததல்லவா என்று சிலர் கேட்கலாம். ஜேர்மனியில் ஏறத்தாழ அந்த ஏற்பாடுதான். 1998 முதல் அங்கே ஒரு விதி உண்டு: சில விலக்குகள் நீங்கலாக, கழகத்தின் வாக்குகளில் பாதிக்கு மேல் உறுப்பினர் வசமே இருக்கவேண்டும். எவ்வளவு பெரிய பணக்காரன் வந்தாலும் கழகத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது.

நல்ல விதி. ஆயினும் அதுவும் முழுக் காப்பு அன்று. உறுப்பினருக்கே சொந்தமான ஷால்கே 04 என்னும் பெருங் கழகம் 20 கோடி யூரோவுக்கும் மேற்பட்ட கடனுடன் 2021 இல் தரமிறங்கியது; ஓராண்டில் ஏறி, 2023 இல் மறுபடியும் இறங்கியது. வாக்குரிமை கையில் இருந்தும் கணக்கை ஆராயாவிட்டால் என்ன பயன்? பூட்டு நல்ல பூட்டானாலும் சாவியைக் கதவிலேயே விட்டுச் செல்லலாமா?

தமிழ்நாட்டிலும் ஒரு பாடம் உண்டு. 1946 இல் தோன்றிய சென்னை சிட்டி கழகம் கோயம்புத்தூரைத் தளமாகக் கொண்டு ஆடி, 2018-19 பருவத்தில் இந்தியாவின் ஐ-லீக் பட்டத்தை வென்றது. 2019 மார்ச் 9 ஆம் திகதி கோயம்புத்தூர் நேரு அரங்கில் அந்த வெற்றி கிட்டியபோது தமிழகமே பூரித்தது. அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பாசெல் கழகம் அதில் 26 வீதப் பங்கை வாங்கிற்று. இனி ஏற்றமே என்று யாவரும் நம்பினர். ஆனால் பங்காளிகளிடையே பிணக்கு மூண்டது. 2020-21 பருவத்துக்குப் பிறகு அந்த லீக்கில் அக்கழகத்தின் பெயரே இல்லை. பட்டம் வென்றது முதல் மறைந்தது வரை மூன்று ஆண்டுகள்கூட இல்லை! அன்று அரங்கில் ஆர்ப்பரித்த சிறுவர்கள் இன்று எந்த அணியைத் தம் அணி என்பார்கள்?

எமது நாட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். 1995 இல் கொழும்பில் இந்தியாவை வீழ்த்தித் தெற்காசியத் தங்கக் கிண்ணத்தை வென்ற நாடு இலங்கை. அதே இலங்கையை 2023 ஜனவரி 21 ஆம் திகதி உலக உதைபந்தாட்டச் சம்மேளனமாகிய பீபா இடைநிறுத்தியது. அங்கே குற்றச்சாட்டு கடனைப் பற்றியதன்று. சம்மேளனத் தேர்தலில் வெளியார் தலையிட்டனர் என்பதே. அவ்வாண்டு ஆகஸ்ட் இறுதியில் தடை நீங்கும்வரை எமது வீரர்கள் நாட்டின் பெயரால் ஆட முடியவில்லை. பெங்களூரில் நடந்த தெற்காசியக் கிண்ணப் போட்டி இலங்கை இல்லாமலே நடந்தேறியது. மேசையில் இருப்போர் செய்த பிழைக்கு மைதானத்தில் ஓடுவோர் தண்டனை அனுபவித்தனர். ஓர் ஆட்டக்காரனுக்கு இளமை எத்தனை ஆண்டு? அதில் ஏழு மாதத்தை யார் திருப்பித் தருவார்?

கணக்கைக் கேளாத குற்றத்தின் விலையை அறிய நாம் விளையாட்டுக் கழகம்வரை போகவும் வேண்டியதில்லை. 2022 ஏப்ரலில் எமது நாடே வெளிநாட்டுக் கடன் தவணையைக் கட்ட முடியாது என்று அறிவித்ததை யாவரும் அறிவோம். எரிவாயுச் சிலிண்டரை வரிசையில் உருட்டிக்கொண்டு நின்ற தாய்மாருக்கு வங்குரோத்து என்ற சொல்லின் பொருளை எந்த அகராதியும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தேயிலைச் செடிக்குள் உருண்ட பந்து

ஈண்டு எம்முடைய குற்றம் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நாம் சிறுவராய் இருந்த காலத்தில், கண்டிக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் விளையாட்டுக் கழகம் ஒன்று இருந்தது. மைதானம் ஒருபக்கம் சரிவு. பலமாக உதைத்தால் பந்து தேயிலைச் செடிக்குள் உருண்டுவிடும். தேடியெடுப்பதற்குள் ஆட்டத்தில் பாதி நேரம் கழிந்துவிடும். ஆயினும் அந்த மைதானமே எமக்கு உலகம். சம்பள நாளன்று லயன் லயனாகச் சென்று சந்தாப் பணம் திரட்டுவோம். கொழுந்து பறித்துக் கை காய்த்த பெண்களும், பிள்ளைகள் விளையாடட்டும் என்று முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொடுப்பார்கள்.

ஒரு வருடம் பெரிய சுற்றுப்போட்டி ஒன்று வைத்தோம். ஒலிபெருக்கி, பந்தல், உயரமான வெற்றிக் கிண்ணம், இரவில் இசை நிகழ்ச்சி, வந்தோருக்கெல்லாம் விருந்து. இறுதியாட்டத்தில் எங்கள் அணியே வென்றது. தோட்டமே விழாக்கோலம் பூண்டது. அடுத்த மாதம் நடந்த பொதுக் கூட்டத்தில் ஓர் அம்மா எழுந்து நின்று, "தம்பிமாரே, கொடுத்த காசுக்கு ஒரு கணக்கு வாசிக்கவில்லையே" என்றார். காரியதரிசியின் முகம் சுண்டிற்று. தனாதிகாரி நிலத்தைப் பார்த்தார். "வென்ற சந்தோஷத்தில் என்ன கணக்கு, அக்கா? உட்காருங்கள்" என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது.

நாமும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. பந்தல்காரருக்கும் கடைக்காரருக்கும் பாக்கி நின்றது மெல்ல மெல்ல வெளிவந்தது. அடுத்த சம்பள நாளில் சந்தாக் கேட்டுப் போனபோது கதவுகள் திறக்கவில்லை. ஈராண்டில் கழகம் பெயரளவிலும் இல்லாது போயிற்று. கோல் கம்பங்களில் யாரோ உடுப்புக் காயப்போடக் கொடி கட்டினார்கள். எங்களுக்குப் பின்வந்த சிறுவருக்கு ஆட ஓர் அணி இல்லை. அன்று அந்தக் கூட்டத்தில் கழகத்தின்மீது உண்மையான அன்பு கொண்டிருந்தவர் ஒருவரே. அவரைத்தான் நாங்கள் உட்காரச் சொன்னோம்.

கேட்கவேண்டிய கேள்விகள்

ஆதலால் மாணவர்களுக்கும் இளைஞர்களுக்கும் ஒன்று கூற விரும்புகிறோம். நீங்கள் சேர்ந்திருப்பது உதைபந்தாட்டக் கழகமாயினும், சனசமூக நிலையமாயினும், பழைய மாணவர் சங்கமாயினும், கோயில் பரிபாலன சபையாயினும், சில கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். சென்ற ஆண்டு வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு? கடன் இருந்தால் யாருக்கு, எந்த வட்டிக்கு, எதை ஈடு வைத்து? வரவேண்டிய பணம் வராவிட்டால் மாற்று வழி என்ன? மைதானமோ கட்டடமோ யார் பெயரில் இருக்கிறது? கணக்கைத் தயாரித்தவரல்லாத இன்னொருவர் அதைச் சரிபார்த்தாரா?

இவற்றைக் கேட்பதற்குப் பட்டப்படிப்பு வேண்டியதில்லை. வீட்டுச் செலவை நடத்தும் எந்தத் தாயும் மாதந்தோறும் தனக்குத் தானே கேட்டுக்கொள்ளும் கேள்விகளே இவை. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றனர் முன்னோர். கேட்கும் முறையில் மரியாதை இருக்கவேண்டும்; குற்றம் கண்டுபிடிக்கும் ஆவேசம் வேண்டாம். நேர்மையான காரியதரிசி கணக்குக் கேட்பவனைக் கண்டு மகிழ்வான். அவன் இரவு பகலாகப் பட்ட பாட்டை ஊர் அறிய அதுவே வழி.

மழை விட்டது. தேநீர்க் கடையில் வாதமும் தணிந்திருந்தது. ஷெஃபீல்ட் அபிமானி தம் கைத்தொலைபேசியை மாஸ்டரிடம் நீட்டினார். அந்த வாரம் உரிமையாளரின்மேல் கொண்ட வெறுப்பினால் ஆட்டத்துக்குப் போகாமல் அரங்கைப் பகிஷ்கரித்த மக்கள், கழகம் அவர் பிடியிலிருந்து நீங்கியது என்ற செய்தி வந்ததும், நுழைவுச்சீட்டும் ஜேர்சியும் வாங்கக் கழகத்தின் வாசலில் வரிசை கட்டி நின்ற செய்தி அதில் இருந்தது.

"பார்த்தீர்களா, மாஸ்டர்? அவர்கள் கழகத்தைக் கைவிடவில்லை."

"கைவிடமாட்டார்கள், தம்பி. ஆனால் வரிசையில் நிற்கும்போதே அடுத்த முதலாளியிடம் கணக்கையும் கேட்டுவைக்கச் சொல்லுங்கள்."

லீட்ஸ் அபிமானி இம்முறை சிரிக்கவில்லை. எழுந்து எல்லோருடைய தேநீருக்கும் தாமே காசு கொடுப்பதாகச் சொன்னார். கடை முதலாளி மொத்தத் தொகையைச் சொல்ல, அவர் சட்டைப்பையில் கைவிட்டவர், சற்றுத் தயங்கி, "எத்தனை தேநீர், எத்தனை வடை என்று ஒருமுறை சொல்லுங்கள், அண்ணே" என்றார்.

மாஸ்டரின் முகம் மலர்ந்தது. எண்ணிப் பார்த்தபோது ஒரு வடை கூடுதலாகவே கணக்கில் ஏறியிருந்தது!